இரட்டை எழுச்சி

ஆட்டோக்காரர் முதலில் இரண்டு பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தார். பிறகு மாளவிகாவைப் பார்த்தார். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சவாரி அவருக்குப் புதிது.

“அடையார்ல தண்ணி கஷ்டமா மேடம்?”

“ஆபீஸ்ல கஷ்டம்.”

“குடிக்கவா?”

“மண் கழுவ,” என்றாள் மாளவிகா. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேடம் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நினைத்ததில் தப்பும் இல்லை.

அது 1993ஆம் வருடத்துக் கோடை. போன வருட மழை பொய்த்துப்போய், ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. லாரித் தண்ணீருக்காக ஊரே வாசலில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தது. அன்று காலை மாளவிகா வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் பாதியை ஆட்டோவில் ஏற்றியபோது, அவள் கணவன் ஸ்ரீவத்சன் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டான். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அதிகாரி. பொறுமைசாலிதான். ஆனால் அந்தக் கோடையில் பொறுமையும் தட்டுப்பாடாகத்தான் இருந்தது.

“ஆத்துல பாத்திரம் தேய்க்கத் தண்ணி இல்ல. நீ கடல் மண்ணை அலம்பிண்டிருக்கே.”

“இன்னும் ஒரு வாரம்தான்.”

“ஆறு வருஷமா இதையேதான் சொல்லிண்டிருக்கே.”

அவளிடம் பதில் இருந்தது. ஆட்டோ மீட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் சொல்லாமல் வந்துவிட்டாள். கச்சேரி ரோடு தாண்டும்வரை அந்தப் பதிலையே வாய்க்குள் மென்றுகொண்டு வந்தாள்.

அடையாறில், கால்வாயை ஒட்டிய ஒரு கடலியல் ஆய்வு நிலையத்தில் அவள் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தொன்று. அவள் ஆராய்ச்சி மழையைப் பற்றியது. ஆனால் செய்தியில் சொல்லும் மழை இல்லை. பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால் பெய்த மழை, பெய்யாமல் போன மழை. அதற்குச் சாட்சி வங்காள விரிகுடாவின் அடியில் இருந்தது. கப்பலிலிருந்து நீளமான ஒரு குழாயைக் கடல் தரைக்குள் இறக்கி, உள்ளே ஏறிய சேற்றை உருளையாக அப்படியே மேலே எடுப்பார்கள். அதைக் கோர் என்பார்கள். அடியில் இருப்பது பழைய சேறு, மேலே வர வரப் புதுச் சேறு. அந்தச் சேற்றுக்குள் ஃபோராம் என்கிற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் கிடக்கும். கண்ணுக்கு வெறும் தூசு. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொன்றும் பொரியுருண்டைக்குக் குட்டி பிறந்த மாதிரி, குமிழ் குமிழாக, அத்தனை அழகு. அதில் ஒரு ஜாதி, ஆற்று வெள்ளம் கலந்து உப்புக் குறைந்த கடலிலும் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு ஜாதிக்கு அது ஒத்துக்கொள்ளாது. எந்த ஆழத்தில் எந்த ஜாதி எத்தனை என்று எண்ணினால், எந்தக் காலத்தில் ஆறுகள் பெருகின, எப்போது வற்றின என்று சொல்லிவிடலாம். சேற்றைச் சல்லடையில் போட்டு, மென்மையாக, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு காயவைத்து, நுனியில் இரண்டு மூன்று மயிர் மட்டும் விட்ட தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ண வேண்டும். ஆறு வருடமாக மாளவிகா எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணியதற்குப் பலனும் கிடைத்திருந்தது. அவளுடைய கைடு டாக்டர் கஸ்தூரிரங்கன் அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்: இரட்டை எழுச்சி. பருவமழை சட்டென்று ஒரு தரம் பொங்கியது. அப்புறம் மெல்ல மெல்ல வற்றியது. மறுபடி சட்டென்று பொங்கியது. படிப்படியாக ஏறவில்லை, இரண்டு தாவலில் ஏறியது. கருத்தரங்குகளில் அவர் கையை இரண்டு தரம் மேலே வீசிக் காட்டுவார். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை போயிருந்தது. பத்திரிகைக்காரர்கள் பரவாயில்லை என்று சொல்லி, ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார்கள். எழுச்சி நடந்த பகுதியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி என்பது போதாது. நெருக்கமாக எடுத்து எண்ணிக் காட்ட வேண்டும்.

நெருக்கமாக எடுப்பதென்றால் இன்னும் நிறையக் கழுவ வேண்டும். நிலையத்தின் குழாயிலோ காற்றுதான் வந்தது.

“மோட்டாரு ஓடிக்கினுதான் கீது மேடம், தண்ணிதான் ஏற மாட்டேங்குது,” என்றான் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜவஹர், குடங்களை இறக்கிக்கொண்டே. “போர் தண்ணி வோணும்னா புடிக்கலாம். ஆனா சோப்பே நொர வர்ல.”

“வேண்டாம். உப்புப் படிஞ்சா ஓட்டையும் உப்பையும் பிரிக்கறதே ஒரு வேலையாயிடும்.”

கோர் ஐந்து துண்டுகளாகக் குளிர் அறையில் இருந்தது. கப்பலிலேயே ரம்பம் போட்டு, ஒவ்வொரு மீட்டராக அறுத்து, மூடி போட்டு, எண் எழுதி வைத்தது. கப்பலுக்குப் போனவர் கஸ்தூரிரங்கன். மாளவிகாவும் மனுப் போட்டாள். கப்பலில் பெண்களுக்குத் தனி அறை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, தான் ஆறு வருடம் வாழ்ந்த சேறு கடலிலிருந்து மேலே வந்ததை அவள் பார்த்ததில்லை.

அவள் மூன்றாம் துண்டை எடுத்தாள். எழுச்சி இரண்டும் அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும்தான் இருந்தன. மேல் முனையிலிருந்து வரிசையாக, விரல் கனத்துக்குச் சீவிச் சீவிக் கழுவினாள். நடுவில் ஓர் இடத்தில் சல்லடையில் விழுந்தது சேறு இல்லை, மணல்.

அதில் ஆச்சரியம் இல்லை. கடலடியில் எப்போதாவது சரிவு ஏற்பட்டால், மணலும் வண்டலுமாகக் கலந்து ஒரே பெருக்காக ஓடிவந்து படியும். நாலு விரல் கனம்தான் இருக்கும். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று எடுத்தபோது இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் தப்பியிருக்கிறது. பார்வைக்கும் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மாளவிகா எரிச்சலோடு அடுத்த சீவலைக் கழுவினாள். கொஞ்சம் பொடி மணல். அதற்கும் கீழே இன்னும் பொடி. அதற்கும் கீழே மாவு போல வண்டல்.

அவள் கை நின்றது.

ஒரு டம்ளரில் மணலையும் மண்ணையும் போட்டுக் கலக்கி வைத்தால் முதலில் அடியில் தங்குவது எது? பருமணல். மாவு வண்டல் கடைசியாக மேலே படியும். இது பள்ளிக்கூடப் பாடம். இந்தத் துண்டில் பருமணல் மேலே இருந்தது. மாவு கீழே இருந்தது.

தான்தான் சீவல்களை மாற்றி வைத்துவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். தன்னையே திட்டிக்கொண்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைத்திருந்த துண்டின் இன்னொரு பாதியில் அதே இடத்தைத் தேடிச் சீவி, மிச்சமிருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றிக் கழுவினாள். அதே வரிசை. பருமணல் மேலே, மாவு கீழே.

பிறகு மேஜைக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த பெரிய வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, மூன்றாம் துண்டுக்குரிய பகுதியைக் கத்தரித்தாள். அதைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நடுவில் வைத்தாள். கோடு இரண்டு இடத்திலும் தையல் தெரியாமல் பொருந்தியது. கீழிருந்து மேலே, மெதுவாக, சாதுவாக, எந்தத் தாவலும் இல்லாமல் ஏறியது.

இரட்டை எழுச்சி என்று ஒன்று நடக்கவே இல்லை. யாரோ ஒரு துண்டைத் தலைகீழாக மூடி, எண் எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். அவள் ஆறு வருடம் அதை எண்ணியிருக்கிறாள்.

அழுகை வரவில்லை. எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்கத் தோதாக இருந்தவை எல்லாம் அவளே ஓடுகளை எண்ணி ஒட்டிவைத்த கண்ணாடித் தகடுகள். வெறும் குடங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

*

இதில் மாட்டிக்கொண்டது அவள் மட்டும் இல்லை. அதே கோரை வைத்து ஆராய்ச்சி செய்த இன்னொருத்தி குல்சும். திருவல்லிக்கேணிப் பெண், மாளவிகாவுக்கு நாலைந்து வயது இளையவள். அதே ஓடுகளைக் கொண்டு பழைய கடலின் உப்பைக் கணக்கிட்டவள். மாளவிகாவைவிட வேகமாக எழுதிவிட்டாள். ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். ஜூலைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன் என்று சான்று காட்டினால் போதும். அன்று அவள் தி. நகரில், பனகல் பார்க் பக்கத்துச் சந்தில், பைண்டிங் கடையில் இருப்பாள் என்று மாளவிகாவுக்குத் தெரியும்.

கடையில் குல்சும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கறுப்பு அட்டை, தங்க எழுத்து, பசை வாசனை கூடப் போகாத ஐந்து பிரதிகள். மாளவிகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அக்கா! பாருங்க, என் பேர்ல ஒரு தப்புகூட இல்ல. முதல் தடவ.”

மாளவிகா சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்கிற நிலையிலும் இல்லை. கடை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரித்து ஒட்டிய வரைபடத்தைக் காட்டினாள். குல்சும் அதைப் பார்த்தாள், மடியிலிருந்த பிரதிகளைப் பார்த்தாள்.

“நாளைக்குக் காலைல கொடுக்கப்போறேன். தெரியும்ல உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் இன்னைக்கு வந்து சொல்றீங்க. நாளன்னிக்கு வந்து சொல்லியிருக்கக்கூடாதா?”

மாளவிகாவுக்குச் சுருக்கென்றது. வரும் வழியில் அவளும் அதையே நினைத்திருந்தாள். நினைத்துவிட்டு, கால் தானாக இந்தச் சந்துக்குள் திரும்பிவிட்டது.

“நாளன்னிக்குச் சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?”

“ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். அதான் சொல்றேன்.” குல்சும் மேல் பிரதியை விரித்தாள். “மூணாவது அதிகாரம் பூரா அந்தத் துண்டுதான் அக்கா. அதை எடுத்துட்டா என்ன இருக்கு இதுல? அட்டைதான் இருக்கு.”

கடைக்காரர் ஒட்டுக்கேட்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நூல் கோத்தார். குல்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இப்போது அவள் முகத்தில் இருந்தது சண்டைக்காரியின் களை.

“நீங்க அவசரத்துல கழுவினீங்க. பார்க்கணும்னு நினைச்சதைப் பார்த்திருப்பீங்க. நான் கழுவுறேன். எந்தச் சீவல் எதுன்னு என்கிட்ட சொல்லக்கூடாது. டப்பால வெறும் எழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க. உங்க வரிசை வரலேன்னா நான் நாளைக்கே சப்மிட் பண்ணுவேன். நீங்க வாயைத் திறக்கக்கூடாது.”

“சரி,” என்றாள் மாளவிகா. அந்த வரிசை வராமல் போக வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருந்தது.

இருவரும் ஆய்வகத்துக்குப் போய் மாதிரிகளை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனார்கள். குல்சும் வீட்டு முற்றத்தில் கைப்பம்பு இருந்தது. ஊரெல்லாம் வறண்டும் அதில் இன்னும் நல்ல தண்ணீர் வந்தது. அவளுடைய பெரியம்மா அமீனா பீ, பம்பை அடித்துக் கொடுத்துக்கொண்டே, ஏதோ அரிசி களைகிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

“ஏய், சேறு! சேத்தையா கழுவுற? அதுக்கா என்னை அடிக்கச் சொன்னே?”

“அடிங்க பெரியம்மா, அப்புறம் சொல்றேன்.”

“கழுவி என்னத்தை எடுப்பே?”

“ஒண்ணும் எடுக்க மாட்டேன்,” என்றாள் குல்சும். “இருக்கறதும் போகும்.”

தண்ணீரைத் துணியில் வடிகட்டி, எழுத்து மட்டும் ஒட்டிய ஐந்து டப்பாக்களையும் ஒவ்வொன்றாகக் கழுவினாள். மாளவிகா எதிர்ச் சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், முகம் எதையும் காட்டிக்கொடுத்துவிடக்கூடாது என்று. வெயில் முற்றத்தின் பாதியைத் தாண்டியபோது குல்சும் ஐந்து தட்டுகளையும் பருமணல் முதல் மாவு வண்டல் வரை வரிசையாக அடுக்கி முடித்திருந்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. விரலால் தொட்டாலே தெரிந்தது.

“இப்ப சொல்லுங்க.”

மாளவிகா திரும்பி, டப்பா எழுத்துகளைப் படித்து, எது எந்த ஆழம் என்று சொன்னாள். மேலேயிருந்து கீழே, அதே வரிசை.

குல்சும் ஈரக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள். பிறகு, “சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள், துரத்துகிற குரலில்.

*

கஸ்தூரிரங்கன் மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருந்தார். மறுநாள் காலையிலேயே மாளவிகா போய்விட்டாள். அவர் ஈஸி சேரில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவள் கொண்டுவந்த வரைபடத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மணல் சில சமயம் இப்படியும் படியும்மா. பெருக்கு வேகம் கூடிண்டே வந்தா, பருமணல் கடைசியா வரும். உனக்குத் தெரியாததா?”

“தெரியும் சார். ஆனா ரெண்டு எழுச்சியும் எங்க வருது பாருங்க. ஒண்ணு ரெண்டாவது துண்டும் மூணாவது துண்டும் சேர்ற இடத்துல. இன்னொண்ணு மூணாவதும் நாலாவதும் சேர்ற இடத்துல. துளி முன்னே பின்னே இல்ல.”

“அதனால?”

“பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பெய்ஞ்ச மழைக்கு, நம்ம ரம்பம் எங்க அறுக்கும்னு எப்படித் தெரியும் சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார். உள்ளே யாரோ மிக்ஸியைப் போட்டார்கள், நிறுத்தினார்கள்.

“அந்தத் துண்டை நானே அறுத்தேன், நானே மூடினேன். கடல் என்ன ஆட்டம் ஆடித்து தெரியுமா? ரெண்டு பேர் வாந்தி எடுத்துண்டு படுத்துட்டா. நான் ஒருத்தன்தான் நின்னுண்டிருந்தேன்.”

“அதான் சார். யாருக்கு வேணாலும் ஆகியிருக்கும்.”

அவள் ஆறுதலாகச் சொன்னதுதான். அவருக்கு அது அடி மாதிரி விழுந்தது. முகம் மாறிவிட்டது.

“நான் அடுத்த வருஷம் ரிடயர் ஆறேன் மாளவிகா. பத்திரிகைக்காரனுக்கு, கூடுதல் மாதிரிக்கு மண் போதலேன்னு எழுதிடலாம். அது பொய்யில்லை, பாதித் துண்டைக் கழுவித் தீர்த்துட்டே. இன்னொருத்தன் இன்னொரு கோர் எடுப்பான். தப்பா இருந்தா அப்போ தெரியட்டும். சயின்ஸ் அப்படித்தான் நடக்கறது.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் உனக்கு பிஎச்டி. அந்தப் பொண்ணுக்கு வேலை. யாருக்கு நஷ்டம் சொல்லு?”

யாருக்கு நஷ்டம் என்று மாளவிகாவுக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. பத்தாயிரம் வருடத்துக்கு முந்தின மழைக்கு வாய் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது.

“அந்தக் கட்டுரையில என் பேர் இருக்கக்கூடாது சார்,” என்று மட்டும் சொன்னாள். “எடுத்துடுங்கோ. ஏன் எடுக்கச் சொன்னேன்னு யாராவது கேட்டா நான் சொல்லுவேன்.”

அவர் காபி சாப்பிடச் சொல்லவில்லை. அவள் பார்த்து அந்த வீட்டில் அது முதல் தடவை.

வீட்டுக்கு வந்து ஸ்ரீவத்சனிடம் சொன்னாள். அவன் ஷேவிங் நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒரு துண்டு தலைகீழா இருந்ததுக்கு ஆறு வருஷமா?”

“ஆமா.”

“யாரும் கவனிக்கலியா? நீகூட?”

அவள் சோப்பு டப்பாவைத் தூக்கி எறிந்தாள். அவன் மேல் படவில்லை, வாளியில் விழுந்தது. நல்ல தண்ணீர் நுரைத்துப் போய்விட்டது. ஸ்ரீவத்சன் வாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

*

கட்டுரையைக் கஸ்தூரிரங்கன் மறுபடி அனுப்பவில்லை. அவள் மிரட்டலுக்குப் பயந்தாரோ, ராத்திரி தூக்கம் வராமல் போனதோ, யாருக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து அவரே பத்திரிகைக்கு எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதைக் கேட்டு மாளவிகா சந்தோஷப்பட்டது அரை நாள்தான்.

மத்தியானம் ஜவஹர் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. மேல ஆபீஸ்ல பேசிக்கினு கீறாங்க. நீங்க கோர் பைப்பத் தலகீயா வெச்சிட்டீங்களாமே. அதான் சார் பேப்பர வாபஸ் வாங்கிக்கினாராம்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. சார் லெட்டர்ல ‘லேபுல நடந்த பிசகு’ன்னு எய்தினாராம்.”

லேபில் நடந்த பிசகு. பொய் என்று பிடிக்கவும் முடியாது. கப்பலில் ஒரு மேஜை போட்டு அதையும் லேப் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அடையாறில் லேப் என்றால் மாளவிகா. அவள் நேராக அவர் அறைக்குப் போனாள். அவர் டில்லிக்குப் போயிருந்தார். வந்த பிறகு போனாள்; மீட்டிங். மூன்றாம் தரம் அவரே வழியில் எதிர்ப்பட்டு, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா, நீ தீசிஸை எழுதற வழியைப் பாரு,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வயசானவரிடம் குரலை உயர்த்த அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வாய் வராததை நினைத்து நினைத்து அந்த வருடம் முழுவதும் தன்னையே கரித்துக்கொண்டாள்.

குல்சும் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தைத் திரும்ப எழுதினாள். ஜூலை போயிற்று, கல்லூரி வேலையும் போயிற்று. ராயப்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். சாயங்காலம் லேபுக்கு வருவாள், மாளவிகாவுக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து எண்ணுவாள். பல மாதம் “தூரிகை இருக்கா”, “லைட்டை அணைக்கவா” என்பதற்கு மேல் பேச்சு இல்லை. சரியானதைச் செய்தவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். செய்யாதவர் ரிடயர்மென்ட் பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டார்.

*

மாளவிகாவின் வாய்மொழித் தேர்வு 1995 பிப்ரவரியில் நடந்தது. வழக்கம்போல வந்தவர்களுக்குப் போண்டாவும் காபியும் அவள் செலவு. ஸ்ரீவத்சன் லீவு போட்டுவிட்டு, லஸ் கார்னரிலிருந்து டிபன் கேரியர்களோடு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் கஸ்தூரிரங்கன். ஓய்வு பெற்றாலும் கைடு அவர்தான்.

மாளவிகா நாற்பது நிமிடம் பேசினாள். மூன்றாம் துண்டைத் திருப்பி வைத்துத் திரும்ப வரைந்த கோட்டைக் காட்டினாள். தாவல் இல்லை, எழுச்சி இல்லை. ஆயிரக்கணக்கான வருடம் எடுத்துக்கொண்டு மெல்ல வலுத்த ஒரு பருவமழை. யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார்.

கேரளத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். சிரித்த முகம். கேள்வியைப் பாராட்டு மாதிரிதான் ஆரம்பித்தார்.

“உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. துண்டைத் தலைகீழா வச்ச தப்பை ஒத்துக்கிட்டு, திரும்ப எண்ணியிருக்கீங்க. எல்லா மாணவர்களும் இப்படி ஒத்துக்க மாட்டாங்க.”

அறையில் சிலர் தலையாட்டினார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போண்டா ஆறிக்கொண்டிருந்தது. மாளவிகா கையிலிருந்த குச்சியை மேஜை மேல் வைத்தாள்.

“அந்தத் துண்டு கப்பல்லேர்ந்து தலைகீழாத்தான் வந்தது சார். அங்கேயே அறுத்து, அங்கேயே மூடி, அங்கேயே நம்பர் போட்டா. நான் கப்பல்ல இல்ல. என்னை ஏத்திக்கல. தப்பு நடந்ததைக் கண்டுபிடிச்சது நான். அதைச் சரிபார்த்தது குல்சும். ஒத்துக்கறதுக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணும் இல்ல.”

தேர்வாளர் சங்கடத்தோடு முன்வரிசையைப் பார்த்தார். எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். கஸ்தூரிரங்கன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

“அன்னிக்குக் கடல் ரொம்ப மோசமா இருந்தது,” என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேலே ஏதோ வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. தேர்வாளர் தலையை மெல்ல ஆட்டி, பக்கத்தைப் புரட்டி, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

பட்டம் கிடைத்தது. கை தட்டினார்கள். போண்டா சாப்பிட்டார்கள். கஸ்தூரிரங்கன் காபி டம்ளரோடு வந்து, “நன்னா பேசினே,” என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாளவிகா “தேங்க்ஸ் சார்” என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் எப்படித் தன் வாயில் வந்தன என்று அவளுக்கே விளங்கவில்லை.

“சொல்லிட்டேளே, அது போறும். டாக்டர் மாளவிகா!” என்றான் ஸ்ரீவத்சன், கேரியரை அடுக்கிக்கொண்டே. அவனுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

“போறாது,” என்றாள்.

அவனைக் கேரியர்களோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கொஞ்சம் நடந்தால் தேவலை என்று கிளம்பினாள். கேட் பக்கத்தில் குல்சும் நின்றிருந்தாள். இருவரும் அடையாறு டெப்போ வரை நடந்தார்கள்.

“கடல் மோசமா இருந்துச்சாம்,” என்றாள் குல்சும் கடைசியில். “ரெண்டு வருஷம் கழிச்சு, போண்டா சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்றார். இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா அந்தக் காலேஜ்ல எனக்கு ஒரு மாசம் டயம் கொடுத்திருப்பாங்க. கேட்டுக்கூடப் பார்த்திருக்கலாம்.”

“தெரியும்.”

“உங்க மேல இன்னும் கோவம்தான் அக்கா எனக்கு.”

“இருக்கட்டும்.”

“எதுக்குன்னுதான் தெரியல.”

திருவல்லிக்கேணி பஸ் வந்தது. கூட்டம் பிதுங்கியது. குல்சும் ஒரு காலை மட்டும் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே தள்ளிக்கொண்டு ஏறினாள். மயிலாப்பூர் பஸ் வருவதாகத் தெரியவில்லை. மாளவிகா வெயிலில் நின்றாள். அந்த அறையில் இன்னும் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொரு வாக்கியமாக, சரியான வரிசையில், இப்போதுதான் அவளுக்கு வந்துகொண்டிருந்தது.